கருக்கலைப்புக்கு புருஷன் கையெழுத்து வேணுமா? சட்டம் சொல்வது என்ன?

"புருஷனை கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து போடணும்."

கருக்கலைப்புக்காக ஆஸ்பத்திரி வாசல் ஏறும் பெண்கள் பலர் கேட்கும் வார்த்தை இது. புருஷன் வெளியூரில் இருந்தால்? குடித்துவிட்டு வரமாட்டேன் என்றால்? நாள் தள்ளிக்கொண்டே போகும். வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

ஆனால் அப்படி ஒரு கையெழுத்தை சட்டம் கேட்கவே இல்லை.

1971-ம் ஆண்டு கருக்கலைப்பு சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். மைனர் பெண், மனநலம் பாதித்த பெண் என்றால் கார்டியன் எழுதித்தர வேண்டும். அதேநேரம் பெண் கேட்டாலே செய்துவிடவும் முடியாது. 20 வாரம் வரை ஒரு டாக்டரும், 20 முதல் 24 வாரம் வரை சில பிரிவு பெண்களுக்கு மட்டும் 2 டாக்டர்களும் சம்மதிக்க வேண்டும். 2021-ல் செய்த திருத்தம் இது.

ரூ.30 லட்சம் கேட்ட கணவர்

வடமாநிலத்தில் ஒரு தம்பதி. ஒரு மகன். சண்டை போட்டு பிரிந்து, மறுபடி சேர்ந்தார்கள். 2003-ல் மனைவி கர்ப்பமானார். "இந்த நிலைமையில் குழந்தை வேண்டாம்" என்று கலைத்துவிட்டார். கொதித்துப்போன கணவர், 'என்னைக் கேட்காமல் எப்படி கலைக்கலாம்?' என்று மனைவி, மாமியார் வீட்டார், டாக்டர்கள் மீது ரூ.30 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்கு போட்டார். பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு 2011-ல் அவருக்கு எதிராக தீர்ப்பு சொன்னது. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவரது அப்பீலை தள்ளுபடி செய்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தக்க காரணம் இல்லாமல், கணவனுக்குத் தெரியாமல் மனைவி கருவைக் கலைத்தால் அது மனரீதியான கொடுமை ஆகலாம் என்று 2007-ல் ஒரு விவாகரத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. மனைவிக்குச் சொல்லாமல் கணவன் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டாலும் அப்படித்தானாம்.

கைவிட்ட காதலன்

2022-ல் டெல்லி கோர்ட்டுக்கு வந்தார் 25 வயது பெண். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர். கர்ப்பமான பிறகு காதலன் கல்யாணத்துக்கு மறுத்துவிட்டான். வாரம் 20-ஐ தாண்டிவிட்டது. விதவை, விவாகரத்து ஆனவர் பட்டியலில் இருக்கிறார்கள், கல்யாணமாகாத பெண் இல்லையே என்று ஐகோர்ட்டு அனுமதி மறுத்தது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கக்கூடாது என 2022 செப்டம்பர் 29-ந்தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனையை டாக்டர்கள் போடக்கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டது.

கோர்ட்டு படி ஏறியது அந்தப் பெண்தான். காதலனை யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

சட்டத்துக்கு வெளியே கருவைக் கலைத்தால் டாக்டரோடு அந்தப் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. கர்ப்பத்துக்குக் காரணமானவன், கலைப்பதில் கை வைக்காதவரை, அதில் வரவே மாட்டான். ஆனால் பெண்ணின் சம்மதம் இல்லாமல் மாத்திரை கொடுத்து கலைத்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். அது புருஷனாக இருந்தாலும் சரி.

கத்தி யார் மேல்?

கையெழுத்துக்கு முன்னால் நிற்கும் ஆம்பளைங்க, ஆபரேஷனுக்கு மட்டும் பின்னால் நிற்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில், திருமணமான தம்பதிகளில் பெண் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டது 37.9 சதவீதம். ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம்தான். இத்தனைக்கும் ஆண்களுக்கான நவீன வாசக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, தையலும் கிடையாது, சில நிமிடம்தான். ஆண்மை போய்விடும் என்பது வெறும் பேச்சு. 3 மாதம் மட்டும் வேறு தடுப்பு முறை வேண்டும்.

டாக்டர் பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டு வரை ஜெயில். புருஷன் கையெழுத்து கேட்டால், எந்த விதியில் இருக்கிறது என்று தாராளமாகக் கேட்கலாம்.