தண்ணீர் வாளி தூக்கிய சிறுவர்கள்



பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது, சட்டையில் சிவப்புச் சிலுவை பேட்ஜ் அணிந்து நிற்கும் மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஜே.ஆர்.சி. பிள்ளைகள்' என்று சொல்வோம். ஜே.ஆர்.சி. என்பது ஜூனியர் ரெட்கிராஸ். தமிழில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம். அந்தச் சிவப்புச் சின்னம் எப்படிப் பிறந்தது தெரியுமா?

1859ம் ஆண்டு ஜூன் 24. இத்தாலியின் வடக்கே சோல்ஃபெரினோ என்ற ஊரில் பெரும் போர். ஒரு பக்கம் பிரான்சும் சார்டீனியாவும், எதிர்ப்பக்கம் ஆஸ்திரியா. ஒரே நாளில் ஏறத்தாழ 40 ஆயிரம் வீரர்கள் இறந்தும் காயம்பட்டும் வீழ்ந்தனர்.

தொழில் விஷயமாக அந்தப் பக்கம் வந்திருந்தார் ஹென்றி டூனண்ட். சுவிட்சர்லாந்துக்காரர், வயது 31. காயம்பட்டவர்களை அருகிலிருந்த சிற்றூருக்கு வண்டி வண்டியாகக் கொண்டு வந்தார்கள். தேவாலயங்களிலும் தெருக்களிலும் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்தார்கள். டாக்டர்களோ மிகச் சிலர். ஊர்ப் பெண்கள், 'இவன் நம் ஆள், அவன் எதிரி' என்று பார்க்காமல் எல்லோருக்கும் கட்டுப் போட்டனர்.

அந்த ஊர்ச் சிறுவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாளிகளை எடுத்துக்கொண்டு, நீரூற்றுக்கும் தேவாலயத்துக்கும் ஓடி ஓடித் தண்ணீர் சுமந்தார்கள். தாகத்தால் துடிக்கும் வீரனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் எவ்வளவு பெரிய உதவி! இந்தப் போரைப் பற்றி 1862ல் டூனண்ட் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்தச் சிறுவர்களைக் குறிப்பிட அவர் மறக்கவில்லை.

ஆனால், ஒரு விஷயம் அவரை வாட்டியது. உதவ வந்தவர்களுக்கு நல்ல மனம் இருந்தது, பயிற்சி இல்லை. பிழைத்திருக்க வேண்டிய பலர் இறந்து போனார்கள். 'போர் வந்த பிறகு ஆள் தேடலாமா? அமைதியான காலத்திலேயே தொண்டர்களைப் பழக்கி வைக்க வேண்டாமா?' என்று நினைத்தார். அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் செஞ்சிலுவை இயக்கம். 1863ல் ஜெனீவா நகரில் 5 பேர் கொண்ட குழுவாக அது தொடங்கியது. 1901ல் முதன்முதலாக அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற இருவரில் டூனண்டும் ஒருவர். அவர் பிறந்த மே 8ம் தேதிதான் உலக செஞ்சிலுவை தினம். இந்திய செஞ்சிலுவைச் சங்கம் 1920ல் அமைந்தது.

சுவிட்சர்லாந்துக் கொடியில் சிவப்பு நிறத்தில் வெள்ளைச் சிலுவை இருக்கும். அதையே மாற்றி, வெள்ளையில் சிவப்புச் சிலுவையாக்கினார்கள். போர்க்களத்தில் 'இங்கே காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள், சுடாதே' என்பது அதன் பொருள். அதனால் மருந்துக்கடையோ, கிளினிக்கோ விருப்பம்போல் இதை வரையக் கூடாது என்று 1960ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

முதல் உலகப் போரின்போது கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பள்ளிக் குழந்தைகளும் இந்தத் தொண்டில் இறங்கினார்கள். அப்படி வளர்ந்ததே ஜூனியர் ரெட்கிராஸ். உடல்நலம் காத்தல், துன்பப்படுவோருக்குத் தொண்டு, உலக நட்பு ஆகிய மூன்றும் இதன் நோக்கங்கள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில், பேட்ஜுக்காகவும், அணிவகுப்பில் முன்வரிசை கிடைக்கும் என்பதற்காகவும் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பேட்ஜ் அணிவது எளிது. பக்கத்து பெஞ்ச் மாணவன் மயங்கி விழும்போது என்ன செய்வீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். தவறாகச் செய்யும் உதவி, உபத்திரவமாகி விடுமே! ஆகவே, இந்த மூன்றையும் இன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

மயக்கம்: மயங்கியவரைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். நேராகப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். டை, பெல்ட்டைத் தளர்த்துங்கள். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீரோ, சோடாவோ ஊற்றக் கூடாது.

மூக்கில் ரத்தம்: தலையை அண்ணாக்கச் சொல்வது தவறு, ரத்தம் தொண்டைக்குள் போகும். உட்கார வைத்து, தலையை முன்பக்கம் சாய்த்து, மூக்கின் மெதுவான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வாயால் மூச்சு விடட்டும். அடுத்தவர் ரத்தத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

தீக்காயம்: பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

எதுவானாலும் உடனே ஆசிரியரையோ, பெரியவர்களையோ அழையுங்கள். அவசரம் என்றால் 108க்குப் போன் செய்து, ஊர், தெரு, அடையாளம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளியில் ஜே.ஆர்.சி. இருந்தால், பொறுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். இல்லையென்றால், 'நம் பள்ளியிலும் தொடங்கலாமா ஐயா?' என்று நான்கு பேராகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கல்லூரிக்குப் போனால் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் காத்திருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. நாளைக்கே உங்கள் பள்ளியின் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதில் பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கின்றனவா, காலியாகக் கிடக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சரிதானே, செல்லங்களே?