முதுகில் வலி... வயிற்றில் வேர்!

"வாய்வு பிடிச்சிருக்கு!" முதுகு வலிக்கிறது என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு இது. பூண்டைச் சுட்டுத் தருவார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள், தைலம் தேய்த்துவிடுவார்கள். குடலில் உள்ள வாயு சதைக்குள் புகுந்து முதுகுக்கு ஏறுவதில்லை. ஆனால், வயிற்றுக்கும் முதுகுக்கும் தொடர்பு உண்டு என்று பாட்டிமார் சொன்னது பொய்யல்ல. அந்தத் தொடர்பு நரம்பு வழியே நடக்கிறது.

இரைப்பை, பித்தப்பை, கணையத்திலிருந்து வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் சேரும் இடத்திலேயே, முதுகுத் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் நரம்புகளும் சேர்கின்றன. தோல், தசை வலிக்கே பழகிய மூளை, உள்ளுறுப்பு அனுப்பிய செய்தியையும் முதுகின் கணக்கில் எழுதிவிடுகிறது. எந்த உறுப்பின் நோய் தோலில் எந்த இடத்தில் வலியாகத் தெரியும் என்பதை, லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட் 1893-லேயே விரிவாகப் பதிவு செய்தார்.

எந்த வலி, எங்கிருந்து?

பெரும்பாலான முதுகுவலி தசை, மூட்டு, டிஸ்க் சார்ந்ததுதான். குனிந்து நிமிரும்போது கூடும், குறையும். சாப்பாட்டை ஒட்டி வலி மாறினால் வயிற்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே தொடங்கி, வலது தோள்பட்டை எலும்புவரை பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். மேல்வயிற்றிலிருந்து முதுகைத் துளைப்பதுபோல் வலித்து, மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிந்தால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். மது அருந்துவோர் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

மலம் தேங்கி இறுகினாலும் இடுப்பு கனக்கும். டிஸ்க் விலகியவர்கள் மூச்சை அடக்கி முக்கினால் வலி காலுக்கு இறங்கும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக்கிடந்து, நடமாடினால் இளகும் முதுகுவலி இளவயதினருக்கு வந்து, கூடவே மலத்தில் ரத்தமும் போனால், குடல் அழற்சியோடு சேர்ந்த முதுகெலும்பு அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரை தரும் வினை

நான் அதிகம் கவலைப்படுவது, மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாத்திரைகளைப் பற்றித்தான். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பை இவை தடுக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971-ல் காட்டிய ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், இரைப்பைச் சுவரை அமிலத்திடமிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். காவல் போனதும் புண் வருகிறது. அது ஆழமானால் முதுகிலும் வலிக்கிறது. அதற்கும் இன்னொரு மாத்திரை போடுகிறோம். மலம் தார்போல் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள்.

நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்த முதுகுவலிக்கு 'வாய்வு' என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். தொடை இடுக்கு மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்த முறை முதுகுவலிக்காக மருத்துவரிடம் போகும்போது, என்ன சாப்பிட்டீர்கள், மலம் எப்படிப் போகிறது, எத்தனை நாளாக எந்த மாத்திரை போடுகிறீர்கள் என்ற மூன்றையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.