இருளும் ஒரு செல்வம்

நுழையும்முன்

ஒளியை அறிவுக்கும் இருளை அறியாமைக்கும் உவமையாகக் கூறுவது நெடுங்கால வழக்கு. வானியலிலோ நிலைமை வேறு. விண்ணிலிருந்து வரும் மெல்லொளியைக் காண மண்ணில் இருள் வேண்டும். சென்னையில் தொடங்கி இமயம் வரை சென்ற இருளின் தேடலையும், நாம் இழந்துவரும் இரவு வானத்தைக் காக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

இமயத்தில் தோன்றிய செவ்வொளி

2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவு, லடாக்கிலுள்ள ஹான்லே என்னும் சிற்றூரின் வானம் செந்நிறம் கொண்டது. அங்குள்ள இந்திய வானாய்வகத்தின் படக்கருவிகள் அதனைப் பதிவு செய்தன. நார்வே, ஐஸ்லாந்து முதலிய வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் தோன்றும் துருவ ஒளியைச் சார்ந்த நிகழ்வு அது.

கதிரவனில் நிகழும் வெடிப்புகளால் மின்னேற்றம் பெற்ற துகள்கள் விண்வெளியில் பாய்கின்றன. புவியின் காந்தப்புலம் அவற்றைத் துருவப் பகுதிகளை நோக்கிச் செலுத்துகிறது. அங்கே அவை வளிமண்டல அணுக்களோடு மோதும்போது ஒளி பிறக்கிறது. ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் பச்சை ஒளியையும், 200 கி.மீ.க்கு மேல் சிவப்பு ஒளியையும் உமிழ்கிறது. துருவத்திலிருந்து தொலைவில் இருப்போருக்குப் பச்சைப் பகுதியைப் புவியின் வளைவு மறைத்துவிடும். உயரே உள்ள சிவப்பு மட்டுமே அடிவானத்தில் தெரியும்.

அன்று வீசிய புவிகாந்தப் புயல் 2003ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் மிக வலியது. எனினும் ஹான்லேயில் தெரிந்த ஒளி மிக மெல்லியது. புயலின் வலிமை மட்டும் அதனைப் புலப்படுத்தவில்லை; ஊரின் இருளும் துணைநின்றது.

நுங்கம்பாக்கத்து வானம்

இத்தகைய இருள் ஒரு காலத்தில் சென்னைக்கும் வாய்த்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் ஒன்றை நிறுவியது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்ட அதன் கருங்கல் தூண், மண்டல வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1861இல் நார்மன் போக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்து, அதற்கு 'ஆசியா' எனப் பெயரிட்டார். இங்குப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் குழுவில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

அவ்விடத்திலிருந்து தியாகராய நகரின் கடைவீதிகள் மிக அருகில் உள்ளன. இன்று அங்கு நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நிலவும், சில கோள்களும், ஒளிமிக்க சில விண்மீன்களுமே தென்படும்.

இருளைத் தேடிய பயணம்

வானியல் பணிகள் 1899இல் சென்னையிலிருந்து கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. உயர்ந்த மலையின் தெளிந்த வானம் கதிரவனை ஆராய ஏற்றதாக இருந்தது. பின்னர், இரவு வானத்தை ஆராய ஏற்ற இடத்தைச் சென்னையில் பிறந்த வானியலறிஞர் வைணு பாப்பு தேடினார். சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையிலுள்ள காவலூரை அவர் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், அங்கிருந்து வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். 1986இல் அங்கு இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1988இல் அவ்வாய்வகத்தில் கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

ஒளி மாசு

தேவைக்கு மேல், தேவையற்ற திசையில், தேவையற்ற நேரத்தில் வீசப்படும் செயற்கை ஒளியே ஒளி மாசு. தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கி வீசும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. நீலக்கூறு மிகுந்த வெண்ணிற ஒளி மேலும் அதிகமாகச் சிதறும். மயிலாப்பூரில் பால்வழியைக் காண இயலாமைக்கு மேகம் மட்டும் காரணமன்று. நாம் ஏற்றிய விளக்குகளும் காரணமே.

இவ்விழப்பு மனிதரோடு முடிவதில்லை. அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், ஒளிமிகுந்த அடிவானத்தைக் கடலெனக் கொண்டு நகரும் இயல்புடையவை. நகர விளக்குகள் கடலைவிட ஒளிர்வதால் அவை சாலையை நோக்கித் திரும்புகின்றன. மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளைத் திரட்டிப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

வானத்தின் இருளை அளவிட, ஜான் போர்ட்டில் என்பவர் 2001இல் ஒன்பது நிலைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். முதல் நிலை மிக இருண்ட வானத்தையும், ஒன்பதாம் நிலை பெருநகரின் நடுப்பகுதி வானத்தையும் குறிக்கும்.

காணும் முறையும் படம்பிடிக்கும் முறையும்

இரவு வானத்தைக் காண அமாவாசையை ஒட்டிய நாள்கள் ஏற்றவை. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்வரும் மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். இருளுக்குக் கண்கள் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அப்பழக்கம் குலையும். எனவே வெளிச்சம் தேவைப்பட்டால் மங்கிய சிவப்பு விளக்கையே பயன்படுத்த வேண்டும்.

மங்கிய ஒளியில் நம் கண் நிறங்களைப் பிரித்தறியாது. சிவப்பு நிறம் அதற்கு மிக அரிதாகவே புலப்படும். படக்கருவியோ ஒளியைச் சேர்த்துவைக்க வல்லது. அதனை முக்காலியில் அசையாது பொருத்தி, பத்து முதல் இருபது விநாடிகள் வரை ஒளியை உள்வாங்கச் செய்தால், கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் படத்தில் தெரியும். நேரம் மேலும் நீண்டால், புவியின் சுழற்சியால் விண்மீன்கள் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகப் பதியும்.

இருளைக் காத்தல்

ஹான்லேயைச் சுற்றியுள்ள 1,073 சதுர கி.மீ. பரப்பு, 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு மக்கள் விளக்குகளுக்கு மூடியிடுகின்றனர், சாளரங்களுக்குத் திரையிடுகின்றனர். உள்ளூர் இளைஞர்கள் வானியல் பயிற்சி பெற்று, வருவோருக்குத் தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். இருளைக் காப்பது வாழ்க்கைக்கு இடையூறன்று என்பதற்கு இவ்வூர் சான்று.

சென்னை போன்ற பெருநகரம் விளக்கின்றி இயங்க இயலாது. இரவில் நடப்போருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் முதியோருக்கும், தெருவிளக்கு இன்றியமையாதது. ஆயினும் அவ்வொளி விழவேண்டிய இடம் தரையே. மேற்புறம் மூடிய விளக்குகள், இளமஞ்சள் ஒளி, பயன்பாடு முடிந்ததும் அணைக்கப்படும் விளம்பரப் பலகைகள் ஆகிய மூன்றும் அமைந்தால் தெருவும் ஒளிபெறும், மின்சாரமும் மிஞ்சும், வானமும் தெளியும்.

பண்டைத் தமிழர் வானத்தை நாள்தோறும் நோக்கியே கார்த்திகையை அறுமீன் என்றும், அருந்ததியை வடமீன் என்றும் அழைத்தனர். அச்சொற்கள் நூல்களில் நிலைபெற்றுள்ளன. அம்மீன்களும் வானில் நிலைபெற்றுள்ளன. இடையில் நாம் விரித்த ஒளித்திரையை விலக்குவது நம்மால் இயலும். மாசுபட்ட ஆற்றைத் தூய்மைப்படுத்தப் பல ஆண்டுகள் தேவை. ஒளி மாசோ விளக்கை அணைத்த நொடியிலேயே நீங்கிவிடும்.