கடல் அடங்கிடுச்சு, மனசு அடங்கலையே!



"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நம் பெரியவங்க சொல்லி வைத்தார்கள். கேலியாகச் சொல்லும் பழமொழிதான் இது. ஆனால் ஒருத்தர் ஏன் அரண்டு போனார், அந்த அரட்டல் ஏன் இத்தனை வருஷம் போகவில்லை என்று நாம் யாரும் கேட்பதில்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பெரிய பூகம்பம் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து அலை நம் கரைக்கு வந்துவிட்டது. காசிமேடு துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி நொறுங்கின. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். பல நாடுகளையும் சேர்த்தால் 2 லட்சத்துக்கும் அதிகம்.

20 வருஷம் தாண்டிவிட்டது. வீடு கட்டிக் கொடுத்தார்கள். எர்ணாவூரில் இன்றைக்கும் 'சுனாமி குடியிருப்பு' என்றுதான் பேர். வலை வந்தது, படகு வந்தது. ஆனால் இரவில் அலைச் சத்தம் கொஞ்சம் கூடினால் எழுந்து உட்காரும் அக்காக்கள் இன்னும் இருக்கிறார்கள். டிசம்பர் மாதம் பிறந்தாலே சாப்பாடு இறங்காத ஆயாக்கள் இருக்கிறார்கள். "ஏன்கா தூங்கல?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, சும்மா" என்பார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருது?

வீட்டில் காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறோம். ஒருநாள் உண்மையிலேயே திருடன் வந்துவிட்டான். அதற்கப்புறம் அந்த நாய் பால்காரரைப் பார்த்தும் குரைக்கும், காற்றில் கதவு ஆடினாலும் குரைக்கும். நாய் மேல் தப்பில்லை. வீட்டைக் காப்பாற்றத்தான் அது குரைக்கிறது.

நம் மூளையிலும் அப்படி ஒரு காவல் பகுதி இருக்கிறது. ஆபத்து வந்தால் நாம் யோசிப்பதற்கு முன்பே அது உடம்பை முடுக்கிவிடும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், கை கால் வேர்க்கும், ஓடத் தயாராவோம். அன்றைக்குப் பல பேரைக் காப்பாற்றியது அந்த ஓட்டம்தான். ஆனால் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில பேருக்கு இந்தக் காவல் ஓயாமல் வேலை செய்கிறது. அலைச் சத்தம், சேற்று வாடை, கூட்டம் ஓடுவது என்று அன்றைக்கு இருந்த எது வந்தாலும், அது இன்றைக்கே நடக்கிற மாதிரி உடம்பு நடுங்கும்.

எனவே இது கோழைத்தனம் இல்லை, சோம்பேறித்தனம் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை.

எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பெரிய ஆபத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் வராமல் இருப்பதும் அழுகை வருவதும் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நாளாக நாளாகத் தானாகக் குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் கீழே உள்ளவை இருந்தால் கவனிக்க வேண்டும்:

- நடந்ததே திரும்பத் திரும்பக் கண் முன்னால் வருவது, கெட்ட கனவு
- கடற்கரை, மார்க்கெட் என்று அந்த இடங்களுக்கே போகாமல் ஒதுங்குவது
- சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, எரிச்சல், தூக்கமின்மை
- 'நான் மட்டும் ஏன் பிழைச்சேன்' என்ற குற்ற உணர்வு
- பிள்ளைகள் என்றால் படுக்கையில் சிறுநீர் போவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது
- ஆண்கள் என்றால் குடி கூடுவது. பயத்தை வெளியே சொல்லத் தெரியாமல் பாட்டிலில் தேடுகிறவர்கள் நிறைய.

நம் குழுக்களில் இதைக் கவனிக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாக மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு சகோதரி திடீரென்று ஏலத்துக்குப் போவதை நிறுத்துகிறார். உள்கடன் தவணை நிற்கிறது. கூட்டத்துக்கும் வருவதில்லை. உடனே நாம் அபராதம் என்று தீர்மானம் எழுதிவிடுகிறோம். கணக்குக் கேட்பதற்கு முன்னால் "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும்

கடல் பக்கமே போகாவிட்டால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் 'போனால் ஆபத்து' என்று மனசு இன்னும் உறுதியாக நம்பிவிடும். அதனால் மெல்ல மெல்லத்தான் திரும்ப வேண்டும். முதல் வாரம் துணைக்கு ஒருவரோடு ரோட்டில் நின்று தூரத்திலிருந்து கடலைப் பார்க்கலாம். படபடப்பு குறையும் வரை நின்றுவிட்டுத் திரும்பலாம். அடுத்த வாரம் இன்னும் பத்து அடி. யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவரே சம்மதித்து வர வேண்டும். பயம் மிக அதிகம் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

படபடப்பு வந்த நேரத்தில், நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இரண்டு காலையும் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பேரைச் சொல்லுங்கள். "இது 2004 இல்ல, இன்னைக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பயிற்சி ஆக ஆக இது கைகொடுக்கும்.

பயம் வேற, ஜாக்கிரதை வேற

"நம்ம பயம் பொய்யா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், அதே தேதியில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். துறைமுகமும் தொழிற்சாலையும் சூழ்ந்த ஊரில் வாழும் நமக்கு ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என்ன செய்வது என்று தெரிந்தவருக்குப் பயம் பாதியாகும்.

2004இல் இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் மத்திய அரசின் எச்சரிக்கை மையம் இரவும் பகலும் வேலை செய்கிறது. சுமத்ரா பக்கம் கிளம்பும் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேட்டுப் பக்கம் போக அந்த நேரம் போதும்.

2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமத்ரா பக்கம் 8.6 அளவில் பூகம்பம். சென்னையிலும் அதிர்ந்தது. கரையோர சனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அன்றைக்குக் கடலடித் தரை மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஓடியது வீண் இல்லை. அதுதான் ஜாக்கிரதை. எச்சரிக்கை விலகிய பிறகும் மாதக்கணக்கில் தூங்காமல் இருந்தால், அதுதான் மருந்து தேட வேண்டிய பயம்.

ஞாபகம் வையுங்கள்: தரை பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். முதல் அலைதான் பெரியது என்று நினைத்து உடனே திரும்பக் கூடாது. வாயு கசிந்தால் ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடந்து விலக வேண்டும். மாவட்ட அவசர எண் 1077, ஆம்புலன்ஸ் 108.

குழு என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை மூன்றே வார்த்தை: பார், கேள், சேர்த்துவிடு. யாருக்குத் துணை வேண்டும் என்று பாருங்கள். சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். "நடந்ததை எல்லாம் சொல்லு" என்று வற்புறுத்த வேண்டாம். "மறந்துடு", "உனக்கு மட்டுமா வந்துச்சு" என்ற பேச்சும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், ஊர் சனங்களில் இருந்தே ஆட்களை எடுத்து இப்படிக் கேட்கும் பயிற்சி கொடுத்தது. படித்தவர்தான் செய்ய வேண்டும் என்று இல்லை.

கோயில், மாதா கோயில், தர்கா எங்கே ஆறுதல் கிடைத்தாலும் போகலாம். ஆனால் மந்திரித்துக் கயிறு கட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்துக் குழுக்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பேசிப் பேசியே குணப்படுத்தும் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. கடையில் நாமாகத் தூக்க மாத்திரை வாங்கக் கூடாது. அது பழக்கமாகிவிடும்.

14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். 'செத்துப் போகலாம் போல இருக்கு' என்று ஒரு சகோதரி சொன்னால் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே உதவி தேடுங்கள்.

20 வருஷம் ஆச்சே, இனிமேல் என்ன சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். எத்தனை வருஷத்துப் பயமானாலும் குறைக்க முடியும். அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு எழுதி முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ராத்திரியில் யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று கேளுங்கள். பதில் வரும் வரை அமைதியாகக் காத்திருங்கள்.