பழகிய உடம்பும் பானைத் தண்ணீரும்

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, எங்கள் விடுதிக்கு அருகில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் அடியில் நின்று ஒரு தமிழ் மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தளத்தில் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். "இந்த நேரத்திலாவது ஓய்வு கிடையாதா, அண்ணே?" என்றேன். "வெயிலுக்குப் பழகிய உடம்பு, தம்பி. நம் ஊர் வெயிலைப் பார்த்தவனுக்குப் புனே வெயில் ஒரு வெயிலா?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. உயிருக்கு உலை வைப்பது மற்றப் பாதி. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. உழைக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்ற நான்கு பங்கும் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றாவிடில் உடல் கொதிகலன் ஆகிவிடும். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானே வெளியேறும். காற்று 40 டிகிரி இருந்தால் என்ன ஆகும்? வெப்பம் வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே புகும். அப்போது எஞ்சியிருப்பது ஒரே வழி, அதுதான் வியர்வை.

மண்பானையில் நீர் குளிர்வது எப்படி என்பதை நாம் அறிவோம். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. நம் தோலும் அத்தகைய பானையே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்குகிறது. ஏறத்தாழ எட்டு லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க வேண்டிய வெப்பம் அது! ஆனால் ஒன்று: வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டித் தரையில் விழும் வியர்வையால் பயனில்லை. சென்னையின் ஈரக்காற்றில் 35 டிகிரியே நம்மை வாட்டுவதும், புனேயின் வறண்ட காற்றில் 38 டிகிரி அவ்வளவாகத் தெரியாததும் இதனால்தான்.

ஆகவே, வெப்பமானி ஒன்றை மட்டும் பார்த்து அபாயத்தை அறிய முடியாது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் விழுந்துகொண்டிருந்தபோது, யாக்லோ, மினார்ட் என்னும் இருவர் இதற்கு ஒரு கணக்கு வகுத்து 1957-இல் வெளியிட்டனர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புச் செப்புக் கோளத்தினுள் வைத்த வெப்பமானி, நிழலில் உள்ள சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றும் காட்டும் அளவுகளை முறையே 0.7, 0.2, 0.1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஈரமும் வெயிலும் காற்றும் இதில் ஒருங்கே அடங்குகின்றன. இதை ஈரக்குமிழ்க்கோள வெப்பநிலை எனலாம்.

புனேயில் ஒரு கோடைப் பிற்பகலுக்கு ஈரக்குமிழ் 22, கோளம் 52, காற்று 40 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 29.8 ஆகிறது. இனி, பன்னாட்டுத் தர அமைப்பின் விதியைப் பாருங்கள். கடின உழைப்புக்கு அது காட்டும் எல்லை, வெப்பத்துக்குப் பழகியவருக்கு 26, பழகாதவருக்கு 23. அதைத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும். இடையிடையே ஓய்வும் தர வேண்டும். ஆக, பழக்கம் நமக்கு வாங்கித் தருவது மூன்று டிகிரிதான். மேஸ்திரி "ஒரு வெயிலா?" என்று கேட்ட அந்த வெயில், பழகிய உடம்பின் எல்லையையும் கடந்ததே.

பழக்கம் என்பது வெறும் மன உறுதியும் அன்று. வெயிலில் நாள்தோறும் சிறிது சிறிதாக உழைத்தால், ஒன்று இரண்டு வாரங்களில் உடல் மாறுகிறது. வியர்வை விரைவாகத் தொடங்குகிறது, மிகுதியாகச் சுரக்கிறது, அதில் உப்புக் குறைகிறது, இதயத் துடிப்பும் தணிகிறது. அவ்வேலையை விட்டு ஒரு மாதம் விலகியிருந்தால் இம்மாற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும். ஹோலிப் பண்டிகைக்கு ஊர் சென்று ஓய்வெடுத்துவிட்டு, வெயில் ஏறும் வேளையில் திரும்பும் தொழிலாளி பழைய ஆள்தான். உடம்பு மட்டும் புதியது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் இப்பாடத்தைப் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றன. புதிய ஆட்களைப் படிப்படியாகப் பழக்கும் முறையை ட்ரியோஸ்டி என்னும் மருத்துவர் 1930-களில் அங்கே வகுத்தார். புதியவருக்கு முதல் நாளில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பின்னர் நாளுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கூட்டுவது என்பது அமெரிக்காவில் இன்று பரிந்துரைக்கப்படும் கணக்கு. திறந்தவெளியில் வெப்பத்தால் நேரும் தொழிலாளர் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதற்சில நாள்களிலேயே நிகழ்கின்றன என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறை கூறுகிறது.

மற்றுமோர் உண்மை வியப்பளிக்கும். பழகிய உடம்பு அதிகமாக வியர்ப்பதால் அதற்கு அதிகத் தண்ணீர் வேண்டும். "பழகியவன், தாகம் தாங்குவான்" என்பது தலைகீழ்ப் பாடம். கால் மணிக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிக்க வேண்டும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் நல்லவை. இனி, பெண்களின் நிலை. கழிப்பிடம் இல்லாத வேலையிடத்தில் அவர்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். அங்கே பானை வைத்தால் மட்டும் போதாது. கழிப்பிடமும் வெப்பத் தடுப்பில் சேர்ந்ததே. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு அபாயம் இருமடங்கு என்று கண்டனர்.

அபாயக் குறிகளையும் அறிந்துகொள்வோம். தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் கண்டால் உடனே நிழலுக்கு அழைத்துச் சென்று தண்ணீர் தருக. பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அது வெப்ப மயக்கம் அன்று. உயிருக்கு ஆபத்தான வெப்பவாதம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இவை செய்யக்கூடியவையா? அகமதாபாத் நகரில் 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர். அதன்பின் 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து மற்ற நகரங்களுக்கு வழிகாட்டியது. நம் தமிழர் பலர் உழைக்கும் கத்தாரில், மேற்சொன்ன கணக்கு 32.1-ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என 2021-இல் விதி செய்தனர். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணத்துக்கு வழி செய்தது. நிவாரணம் இறந்தபின் வருவது. நிழலும் நீரும் ஓய்வும் அதற்கு முன்னரே வர வேண்டியவை.

ஓய்வைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அடித்த செங்கலுக்கும் கட்டிய கம்பிக்கும் கூலி என்றால், உட்காரும் பத்து நிமிடமும் கூலி இழப்பே. அத்தகையவனிடம் "ஓய்வெடு" என்பது வெறும் உபதேசம். ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்றால்தான் அவன் உட்காருவான்.

அந்த மேஸ்திரியும் கொடியவர் அல்லர். அவர் மீதும் ஒரு காலக்கெடு இருக்கிறது. அந்தக் கெடுவை விதிக்கும் இடத்தில் நாளை நம்மில் சிலர் இருப்போம், பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ. அன்று "பழகிய உடம்பு" என்ற சொல் நம் வாயில் எழுமானால், அதன் விலை மூன்று டிகிரி மட்டுமே என்பதை நினைவில் கொள்வோம்.