சிறுவனுக்குப் பிணை

"சாமி, என் மகனை எந்த ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்?" என்று காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் வந்து கேட்டார். தெருச் சண்டையொன்றில் கத்திக்குத்துப்பட்டு ஒருவர் மாண்ட வழக்கில், பதினேழு வயது நிரம்பிய அவருடைய மகனும் பிடிபட்டிருந்தான். மாண்டவரும் நம் பங்கினரே. அவருடைய அடக்கச் சடங்கை நாமே நிறைவேற்றி மூன்று நாள் ஆகவில்லை. எனவே விடைகூறுமுன் நாம் சற்றுத் தயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஊரின் பெயரை அன்பர்கள் கேட்க வேண்டா. வழக்கில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கின்றது. அது நமக்கும் பொருந்தும்.

பதினெட்டு வயது நிரம்பாதவனைப் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்க அச்சட்டம் எவ்வகையிலும் இடந்தரவில்லை. அவனை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அக்குழுமத்தினர். பணியாளருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும்.

பலரும் அறியாதது 12ஆம் பிரிவு. வளர்ந்தவர் பிணை கேட்டால், குற்றம் எவ்வளவு கொடியது என்று நீதிமன்றம் பார்க்கும். சிறுவனுக்கோ, குற்றம் எதுவாயினும் பிணையே பொது விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்களே உண்டு: வெளியே விட்டால் தீயோர் கூட்டுறவில் விழுவான், அவனுக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ கேடு நேரும், நீதியின் நோக்கம் குலையும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும். இதைப் பின்பற்றாமல் ஒரு சிறுவனை ஏறத்தாழ ஓராண்டாக அடைத்து வைத்திருந்த ராஜஸ்தான் வழக்கொன்றில், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவனை விடுவித்தது.

"கொலை செய்தவனுக்குமா?" என்று சினப்போர் உண்டு. பிணை என்பது விடுதலையன்று. வழக்கு நடந்தே தீரும். கொலை போன்ற கொடுங்குற்றமாயின், பதினாறு வயது நிறைந்தவனை வளர்ந்தவனைப்போல் விசாரிக்கலாமா என்று குழுமம் தனியே ஆராயும்.

புனே நகரில் 2024 மே 19 அன்று பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போர்ஷே கார் மோதி இரு இளம் பொறியாளர் மாண்டனர். அன்றே அவனுக்குப் பிணை கிடைத்தது. சாலை விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவதும் நிபந்தனைகளுள் ஒன்று! நாடே கொதித்தெழ, மூன்றே நாளில் அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினர். ஜூன் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது எனக் கூறி, அவனை அத்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. மக்களின் சினம் நியாயமானதே. இரு உயிர்களுக்கு ஈடாக ஒரு கட்டுரை என்பது போலன்றோ தோன்றியது! ஆயினும் உயர் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகவே படித்தது என்பது நம் கருத்து. நம்மை உறுத்துவது வேறு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சில மணி நேரத்தில் கிடைத்தது, கூலிக்காரர் பிள்ளைக்குக் கிடைக்க எத்தனை நாளாகின்றது? நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற இயலாவிடில், அதைத் தளர்த்துவதற்காகச் சிறுவனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று அதே பிரிவு சொல்கின்றது. ஜாமீன் கொடுக்க ஆளில்லாப் பெற்றோருள் எத்தனை பேர் இதை அறிவர்?

அத்தாயை இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பிவிட்டு, மாண்டவரின் மனைவியைக் காணச் சென்றோம். "அவன் வெளியே வந்து இந்தத் தெருவிலேயே நடமாடுவானா, சாமி?" என்றார் அவர். அக்கேள்வியை ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. நன்னடத்தை அலுவலர் நம்மிடம் விசாரிக்க வந்தபோது அதையும் மறைக்காமல் சொன்னோம்.

பன்னிரண்டாம் நாள் பிணை கிடைத்தது. வேற்றூரிலுள்ள தாய்மாமன் வீட்டில் தங்க வேண்டும், அலுவலரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும், நம் ஊருக்குள் வரலாகாது. வழக்கு இன்னும் நடக்கின்றது. ஞாயிறுதோறும் அவ்விரு பெண்களும் ஒரே கோவிலுக்கு வருகின்றனர். ஒருவர் முன்வாசல் வழியாக, மற்றவர் பக்கவாசல் வழியாக.