அடையாள அட்டையில் ஒரு சொல்: ருவாண்டாவின் ஹூட்டுக்களும் துட்சிகளும்

1994 ஏப்ரலில் ருவாண்டாவின் வீதித்தடைகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அடையாள அட்டையைத்தான். அதில் 'துட்சி' என்றிருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிவு. சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிவிட்டு மூச்சை அடக்கி நின்ற எங்கள் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தச் சொல் அட்டைக்கு எப்படி வந்தது என்பதை விளக்கத்தான் வேண்டும். ஹூட்டுக்களும் துட்சிகளும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி. வழிபட்டதும் ஒரே கோயிலில். குடியிருந்ததும் அதே மலைச்சரிவுகளில். மாடு வைத்திருந்தவர்கள், அரசவைக்கு நெருங்கியவர்கள் துட்சி. நிலம் கொத்தியவர்கள் ஹூட்டு என்பது பொதுவான வழக்கு. அன்றும் எல்லோரும் சமமாக இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ருவாபுகிரி மன்னரின் காலத்தில் ஹூட்டுக்கள் மீது கட்டாய உழைப்புச் சுமத்தப்பட்டது. என்றாலும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழி இருந்தது.

ஜேர்மனியருக்குப் பின் வந்த பெல்ஜியம் அந்த வழியை அடைத்தது. 1930களில் ஒவ்வொருவரையும் பதிந்து, இனம் குறித்த அட்டையைக் கையில் கொடுத்தது. துட்சிகளைப் பிறவி ஆளும் இனமென்று கருதி, பதவியையும் படிப்பையும் அவர்களுக்கே ஒதுக்கியது. 1950களின் இறுதியில் துட்சி உயர்குழாம் சுதந்திரம் கேட்கத் தொடங்கியதும் அதே பெல்ஜியம் ஹூட்டுப் பக்கம் சாய்ந்தது. 1959இல் வெடித்த வன்முறையோடு துட்சிகள் உகண்டாவுக்கும் புருண்டிக்கும் ஏதிலிகளாக ஓடினார்கள். 1962இல் சுதந்திரம் வந்தது. ஆட்சி ஹூட்டுக்களிடம் போனது. அட்டை மட்டும் மாறவில்லை.

அயலிலுள்ள புருண்டியில் கதை தலைகீழ். அங்கே இராணுவம் துட்சிகளின் கையில். 1972இல் அது படித்த ஹூட்டுக்களைத் தேடித்தேடிக் கொன்றது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரு நாடுகளிலும் அடுத்த வீட்டின் பிணங்களைக் காட்டியே தன் வீட்டில் பயத்தை வளர்த்தார்கள்.

ஏதிலிகளின் பிள்ளைகள் 1990இல் உகண்டாவிலிருந்து ஆயுதங்களோடு திரும்பினார்கள். 1993இல் அருஷாவில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. 1994 ஏப்ரல் 6இல் ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாட்களில், ஐ.நா. கணக்கின்படி, சுமார் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் துட்சிகள், கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்களும் அதில் அடக்கம். ஆர்.ரி.எல்.எம். வானொலி துட்சிகளைக் 'கரப்பான்பூச்சிகள்' என்றது. பாதுகாப்புச் சபையோ ஏப்ரல் 21ஆம் திகதி அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. (18 ஆண்டுகள் கழித்து வன்னி பற்றிய ஐ.நா.வின் உள்ளக விசாரணை அறிக்கையிலும் தோல்வியின் ஒப்புதல்தான் இருந்தது.)

இனவழிப்பை நிறுத்தியது ருவாண்டா தேசபக்த முன்னணி. அதில் சந்தேகமில்லை. அதே முன்னணியின் படைகள் ருவாண்டாவிலும் பின்னர் கொங்கோவிலும் ஹூட்டுப் பொதுமக்களைக் கொன்றதையும் ஐ.நா. ஆவணப்படுத்தியுள்ளது. ஆனால் அருஷாவிலிருந்த சர்வதேச நீதிமன்றம் வென்றவர்களில் ஒருவர் மீதுகூட வழக்குத் தொடரவில்லை. ஊர்மட்டக் 'கச்சாச்சா' மன்றங்கள் 2012 வரை 19 இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. முன்னணியின் குற்றங்கள் அவற்றுக்கும் அப்பால் வைக்கப்பட்டன.

இன்றைய அட்டையில் இனம் இல்லை. அதைப் பொதுவெளியில் பேசுவதும் ஆபத்து. பாடகர் கிசிட்டோ மிஹிகோ இனவழிப்பில் தந்தையைப் பறிகொடுத்த துட்சி. 2014இல் அவர் பாடிய ஒரு பாடல், இனவழிப்பென்று பெயரிடப்படாத கொலைகளில் இறந்தவர்களுக்காகவும் இரங்கியது. சில வாரங்களில், அரசுக்கெதிரான சதி என்ற குற்றச்சாட்டில் கைதானார். பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2018இல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தவர் 2020 பெப்ரவரியில் மீண்டும் பிடிபட்டு, கிகாலியில் பொலிஸ் கூண்டுக்குள் இறந்தார். தற்கொலை என்றது பொலிஸ். சுயாதீன விசாரணை கேட்ட மனித உரிமை அமைப்புகளுக்கு அது கிடைக்கவில்லை.